தொடர்நாடகம் ஊரைத் திருத்துமா?

மாலை வேளையில் அடுப்பிலே சோறு அடிப்பிடிப்பதையும் அறியாது தொடர்நாடகத்தில் மூழ்கிக் கிடக்கும் பெண்மணிகளைப் பற்றிய முறைப்பாடு அடிக்கடி நம் காதில் விழுவதுண்டு. முறைப்பாடு செய்வோர் பெரும்பாலும் ஆடவர். செய்தியறிக்கையும் கிரிக்கெற் ஆட்டமும் தம்மை எத்தனை நாழிகை கதிரையோடு கட்டிவைக்கின்றன என்பதை அவர்கள் கணக்கிற் சேர்ப்பதில்லை. அது கிடக்க. கற்பனைப் பாத்திரங்களின் கண்ணீரும் கலியாணமும் வீண்பொழுதே என்ற எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கின்றது. உலகின் வேறு சில நாடுகளில் நடந்தவற்றை நோக்குமிடத்து அவ்வெண்ணம் அத்துணை சரியானதாகத் தோன்றவில்லை. சட்டமும் சுவரொட்டியும் அசைக்க மாட்டாத ஊர்வழக்கத்தைத் தொடர்நாடகம் அசைத்ததுண்டு. அசைக்க முயன்று வழுக்கி விழுந்ததுமுண்டு. இவ்வாரம் அந்தக் கதைகளையே வாசகர்களோடு பேச விரும்புகிறோம்.

இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த பின்னரும் இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு நீங்காதிருந்த காலம். விளைச்சலைப் பெருக்கவேண்டுமாயின் புதிய முறைகளைக் கமக்காரருக்கு எடுத்துரைத்தாக வேண்டும். வானொலியில் நிகழ்த்தப்பெறும் கமத்தொழிற் சொற்பொழிவை விரும்பிக் கேட்போர் எத்தனை பேர்? 1948ஆம் ஆண்டிலே பேர்மிங்ஹாம் நகரில் கூடிய ஒரு கூட்டத்தில் கமக்காரர் ஒருவர் எழுந்து, நாடெங்கும் அந்நாளில் கேட்கப்பெற்ற துப்பறியும் தொடரைப் போன்று கமத்துக்கும் ஒரு தொடர் வேண்டும் என்றார். வேடிக்கையாகத் தோன்றிய அந்த யோசனையிலிருந்து பிறந்ததே பி.பி.சி.யின் ‘த ஆர்ச்சர்ஸ்’ என்னும் நாடகம். 1950இல் ஒரு வாரம் வெள்ளோட்டம் பார்த்து, 1951 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் நாடு முழுவதற்கும் ஒலிபரப்பினர். கதையோடு கதையாக மாட்டு நோயும் பசளையும் பேசப்பட்டன. கமத்தொழில் அமைச்சின் தொடர்பு 1972இல் நீங்கியது. நாடகமோ இன்றுவரை ஓயவில்லை.

இங்கிலாந்தில் திட்டமிட்டுச் செய்ததைத் தென் அமெரிக்காவில் யாரும் திட்டமிடாமலே செய்துவிட்டனர். பெரு நாட்டின் தலைநகராகிய லீமாவில் 1969ஆம் ஆண்டு ‘சிம்பிளெமென்ரே மரியா’ என்றொரு தொலைக்காட்சித் தொடர் ஆரம்பமாயிற்று. ‘வெறும் மரியா’ என்று தமிழிற் சொல்லலாம். மலைநாட்டு ஏழைப் பெண்ணொருத்தி பிழைப்புத் தேடி நகருக்கு வந்து, செல்வர் வீட்டில் வேலைக்காரியாய் அமர்கிறாள். பணக்கார மாணவன் ஒருவன் அவளைக் காதலித்துக் கைவிட்டுச் செல்ல, கைக்குழந்தையுடன் தனித்து நிற்கிறாள். இவ்வளவும் பழைய கதைதான். கண்ணீர் பிழிவதற்கென்றே எழுதப்பட்டது. ஆனால் அப்பால் நடப்பதைக் கவனியுங்கள். மரியா இரவுப் பாடசாலைக்குப் போய் எழுதப் படிக்கக் கற்கிறாள். சிங்கர் தையல் இயந்திரமொன்றில் தைக்கப் பழகுகிறாள். தைத்துத் தைத்தே உயர்ந்து, புதுமோஸ்தர் ஆடைகளை ஆக்கும் பெயர்பெற்ற கலைஞராகிறாள். அவளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் எஸ்தேபான் பல்லாண்டு பொறுமையோடு காத்திருந்து இறுதியில் அவளை மணக்கிறார்.

அந்தத் திருமணக் காட்சியை லீமாவில் ஓர் ஆலயத்தில் படம்பிடித்த நாளன்று சுமார் 10,000 பேர் வந்து குவிந்தனராம். பலர் தம்மிடமிருந்தவற்றுள் நல்ல உடையை உடுத்து, மணமகளுக்குப் பரிசுப் பொருளும் கொண்டு வந்திருந்தனர். நடிகைக்கன்று, மரியாவுக்கு! இதனைப் பேதைமை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆயினும் அதே காலத்தில் லீமாவின் வேலைக்காரப் பெண்கள் மாலை வகுப்புக்குச் செல்ல அனுமதி வேண்டுமென்று எசமானியரிடம் கேட்கத் தொடங்கினர். எழுத்தறிவு வகுப்புகளிலும் தையல் வகுப்புகளிலும் கூட்டம் பெருகியது. நாடகம் காட்டப்பட்ட நாடுகளிலெல்லாம் தையல் இயந்திர விற்பனை ஏறியதாகவும், மகிழ்ந்துபோன கொம்பனியார் கதாநாயகிக்குப் பொன்னாற் செய்த சிறிய இயந்திரமொன்றைப் பரிசளித்ததாகவும் ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர். சிங்கர் இயந்திரம் நம்மவர் வீடுகளிலும் சீதனத்தோடு கூடவே வந்து, மகளுக்கும் பேத்திக்கும் கைமாறிய பொருளன்றோ? அதன் மதிப்பு நம் தாய்மார்க்கு விளக்க வேண்டியதில்லை.

‘கல்வி கற்பீர்’ என்று மரியா எவரிடமும் சொல்லவில்லை. அவள் தானே கற்றாள். கற்பதற்குப் பட்ட பாட்டையும் கூச்சத்தையும் வாரத்துக்கு ஐந்து நாள் பிறர் பார்த்துக் கொண்டிருந்தனர். இரகசியம் முழுவதும் அதிலேதான் இருந்தது என்பது நம் கருத்து.

மெக்சிக்கோவில் மிகேல் சபிடோ என்ற நாடகத் தயாரிப்பாளர் இதனை நுணுகி ஆராய்ந்தார். பிறரைப் பார்த்து மனிதர் எவ்வாறு பழகுகின்றனர் என்பதைப் பற்றி அமெரிக்க உளவியல் அறிஞர் அல்பேட் பண்டூரா எழுதியவற்றையும் கற்று, தொடர்நாடகத்துக்கு ஓர் இலக்கணமே வகுத்துவிட்டார். நல்வழி நிற்போர் சிலர்; தீவழி சென்று கெடுவோர் சிலர்; இரண்டுக்கும் நடுவே நின்று தடுமாறி, மெல்ல மெல்ல ஒரு வழியைத் தேர்பவர் ஒருவர். பார்ப்போர் தம்மைக் காண்பது அந்தத் தடுமாறும் பாத்திரத்திலேதான். 1975இல் தொடங்கிய அவரது ‘வென் கொன்மீகோ’ (என்னோடு வா) முதியோர் கல்வியைப் பற்றியது. இலவசப் பாடப்புத்தகம் கிடைக்கும் இடம் இன்னதென்று ஒருநாள் நாடகத்திற் சொல்லப்பட, மறுநாள் மெக்சிக்கோ நகரத்து நடுவே அந்த இடத்தை நோக்கி ஏறக்குறைய 25,000 பேர் திரண்டு, வீதிப் போக்குவரத்தே ஸ்தம்பித்துவிட்டது. அந்நாடகம் நடந்த காலத்தில் கல்வித் திட்டத்திற் சேர்ந்தோர் தொகை சுமார் 8,40,000 என்றும், முந்திய ஆண்டைப் போல் ஒன்பது மடங்கு என்றும் கணக்கிட்டனர். புத்தகம் தயாராய் இருந்தது, வகுப்பும் இருந்தது என்பதை மறக்கலாகாது. ஆசையை மூட்டிவிட்டு வாசற்கதவைப் பூட்டி வைத்திருந்தால் நாடகம் என்ன செய்யும்?

இந்த மெக்சிக்கோ மந்திரத்தை இந்தியா இரவல் வாங்கிய கதை சுவையானது. 1984 ஜூலை 7ஆந் திகதி தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ (நாங்கள்) ஆரம்பித்தது. மனோஹர் ஷியாம் ஜோஷி எழுதியது. குடித்துத் திரியும் தந்தை பசேசர் ராம், பொறுமையே உருவான தாய் பாகவந்தி, வேலையற்ற மூத்த மகன், மூன்று பெண்கள், தாத்தா, பாட்டி என ஒரு நடுத்தரக் குடும்பம். குடும்பக் கட்டுப்பாட்டை மக்கள் மனத்திற் பதிப்பதே அரசினரின் முதல் நோக்கம். ஆரம்ப வாரங்களில் உபதேசம் மிகுந்து கதை மெலிந்ததால் மக்கள் முகஞ்சுளித்தனர். எழுத்தாளர் உபதேசத்தைக் குறைத்துக் கதையைப் பெருக்கினார். பின்னரே நாடு அதன் பின்னால் ஓடியது. ஒவ்வொரு நாளும் இறுதியில் பழம்பெரும் நடிகர் அசோக் குமார் தோன்றி, பாட்டனார் போல இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அவருக்கும் தூர்தர்ஷனுக்கும் வந்த கடிதங்கள் ஏறக்குறைய 4 இலட்சம் எனப்படுகின்றது. நாடகத்துக்கு விளம்பர ஆதரவு தந்தது மகி நூடில்ஸ். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு எவ்வளவு பயன் விளைந்ததோ, நூடில்ஸுக்கு விளைந்த பயனில் ஐயமேயில்லை!

வேடிக்கை ஒருபுறம் இருக்க, அந்நாடகத்தில் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைப்பவள் தாய் பாகவந்தி. கணவனின் ஏச்சையும் மாமியாரின் பேச்சையும் வாய்திறவாது பொறுத்து, எல்லோருக்கும் உணவிட்டுத் தான் மிஞ்சியதை உண்ணும் பெண். இப்படி இருக்கலாகாது என்று காட்டுவதற்கே எழுத்தாளர் அவளைப் படைத்தார். சபிடோவின் இலக்கணப்படி அவள் எதிர்மறைப் பாத்திரம். ஆனால் பின்னர் அரவிந்த் சிங்கால், எவரெற் றொஜர்ஸ் என்னும் அறிஞர்கள் பார்வையாளரை அணுகி, யாரைப் போல நடக்க விரும்புகிறீர்கள் என்று விசாரித்தபோது, பெருந்தொகையானோர் பாகவந்தியின் பெயரையே சொன்னார்கள். பெண்களுட் பலரும் அவ்வாறே சொன்னார்கள். எழுத்தாளர் எச்சரிக்கையாக எழுதியது வீட்டுக்குள் வந்ததும் பதிவிரதைப் பெருமையாக மாறிவிட்டது. பார்ப்பவர் வெறுங்கலம் அல்லர். பாட்டி சொன்ன கதைகளும் கோயிலிற் கேட்ட புராணங்களும் அவர் நெஞ்சில் ஏலவே குடியிருக்கின்றன. புதிய கதை அவற்றோடு வழக்காடித்தான் உள்ளே நுழைய வேண்டும். சில வேளை தோற்றும் போகும்.

‘கூட்டம் வந்தது, கடிதம் வந்தது என்கிறீர்கள், நாடகத்தினாலேதான் மாற்றம் நிகழ்ந்தது என்பதற்கு அத்தாட்சி என்ன?’ என்று கேட்கும் வாசகர் இருப்பார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குத் தன்சானியா நாடு விடை தந்தது. 1993 ஜூலையில் அந்நாட்டு வானொலி ‘ட்வெண்டே நா வகாட்டி’ (காலத்தோடு செல்வோம்) என்னும் சுவாஹிலி நாடகத்தைத் தொடங்கிற்று. டொடோமா என்ற பிரதேசத்துக்கு மாத்திரம் அதனை அனுப்பாது, அதே நேரத்தில் வேறு நிகழ்ச்சியை ஒலிபரப்பினர். இரண்டாண்டு கழித்து ஒப்புநோக்கியபோது, நாடகம் கேட்ட பிரதேசங்களிற் குடும்பக் கட்டுப்பாட்டைக் கைக்கொள்வோர் தொகை டொடோமாவிலும் பார்க்கக் கூடுதலாய் உயர்ந்திருந்தது. 1995இல் டொடோமாவுக்கும் நாடகம் போயிற்று; அங்கும் மாற்றம் தொடங்கிற்று. அந்நாடகத்தில் ம்குவாஜு என்றொரு லொறிச் சாரதி. தங்குமிடந்தோறும் ஒரு துணை வைத்திருந்து எயிட்ஸ் நோய்க்கு ஆளாகிறான். அவன் மனைவி தூனு, பாகவந்தியைப் போலப் பொறுத்துக் கிடக்காமல், அவனை விட்டு விலகிச் சிறு வியாபாரம் ஒன்றைத் தொடங்கிப் பிழைக்கிறாள். வீட்டுக்கு வீடு ம்குவாஜுவின் பெயரே ஒரு வசைச்சொல்லாகிவிட்டதாம். கணவன்மாரைக் கண்டிக்க மனைவியருக்கு ஒரு சொல் கிடைத்தது என்பதும் சிறிய காரியமன்று. நேரே சொல்லக் கூசும் விடயத்தை அடுத்த வீட்டுக் கதையைப் போலப் பேசலாமல்லவா?

இந்தப் பேச்சுத்தான் அடிப்படை என்று நாம் கருதுகிறோம். 1996இல் அகில இந்திய வானொலி ஒலிபரப்பிய ‘திங்கா திங்கா சுக்’ என்னும் ஹிந்தி நாடகத்தில், பூனம் என்ற புதுமணப் பெண் சீதனம் போதாதென்று வதைக்கப்பட்டு உயிரை மாய்த்துக் கொள்கிறாள். உத்தரப் பிரதேசத்து லுட்சான் கிராமத்தில் அதைக் கேட்டவர்கள் தேநீர்க் கடையிலும் தையற்காரர் கடையிலும் நாட்கணக்காக விவாதித்தனர். அவ்வாண்டு டிசெம்பரில் பெரிய தாளொன்றில் 184 பேர் கையொப்பமிட்டு, சீதனம் கொடுப்பதுமில்லை, வாங்குவதுமில்லை, சிறுவயதில் மணமுடிப்பதுமில்லை என்று வானொலிக்கு எழுதினர். கையொப்பத்தோடு சீதனம் ஊரைவிட்டு ஓடிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். சொல்லொன்றும் செயலொன்றுமாய் நடந்தவர்களையும் அக்கிராமத்துக்குச் சென்ற ஆய்வாளர் கண்டு மறைக்காது எழுதியிருக்கின்றனர். பெண்பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதில் ஏற்பட்ட முன்னேற்றம் அதனினும் உறுதியாய் இருந்தது. சீதனத்தில் பணம் இருக்கிறது. பணம் உள்ள இடத்தில் கதை சற்றுத் தயங்கித்தான் நிற்கும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பெண்ணைப் பெற்றவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

லுட்சானில் கேட்டவர்கள் கூடிக் கேட்டார்கள் என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். ஊருக்கு ஒன்றிரண்டு பெட்டியே இருந்த காலத்தில் அடுத்த வீட்டாரும் வந்து விறாந்தையில் அமர்வர். கதை முடிந்ததும் கிழவிகள் தீர்ப்புக் கூறுவர். இளையோர் எதிர்வாதம் செய்வர். இன்று கையடக்கத் தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாடகம். தாய் ஒரு மூலையில், மகள் ஒரு மூலையில். காதிலே அடைப்பான் வேறு. ஒருவர் அழுவது மற்றவர்க்குத் தெரிவதில்லை. நாடகங்கள் முன்னிலும் பன்மடங்கு பெருகிவிட்டன. அவற்றைப் பற்றிய பேச்சு எங்கே?

ஒலிபரப்பின் வலிமையைப் பேசுகையில் அதன் கொடிய முகத்தையும் காட்டாமல் விடுவது நேர்மையாகாது. ருவாண்டாவில் 1993 ஜூலையில் ‘ஆர்.ரி.எல்.எம்.’ என்னும் தனியார் வானொலி தொடங்கியது. இனிய பாட்டும் தெருப்பேச்சும் நகைச்சுவையுமாக இளைஞரை ஈர்த்தது. அந்த நகைச்சுவையின் ஊடே ருட்சி மக்களைக் கரப்பான் பூச்சிகள் என்று பழிக்கும் வழக்கமும் கலந்து வந்தது. 1994 ஏப்ரலில் கொலை ஆரம்பமானபோது, கொல்லப்பட வேண்டியோரின் பெயர்களையும் அவர்கள் ஒளிந்திருக்கக்கூடிய இடங்களையும் அதே வானொலி அறிவித்தது. சுமார் நூறு நாட்களில் மாண்டவர் 5 முதல் 8 இலட்சம் வரை இருக்கலாமென மதிப்பிடுகின்றனர். 2003 டிசெம்பரில் சர்வதேச நீதிமன்றம், அவ்வானொலியோடும் ஒரு பத்திரிகையோடும் தொடர்புடைய மூவரைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது; 2007இல் மேன்முறையீட்டில் அவர்களின் தண்டனைகள் குறைக்கப்பட்டன.

அதே நாட்டில், அதே மொழியில், அதே பெட்டியிலிருந்து 2004ஆம் ஆண்டு வேறொரு குரல் எழுந்தது. ‘முசெகெவேயா’ என்பது நாடகத்தின் பெயர். ‘புதிய விடியல்’ எனப் பொருள்படும். நெதர்லாந்துத் தொண்டு நிறுவனமொன்றின் முயற்சி. எதிரெதிர் மலைகளில் இரண்டு கற்பனைக் கிராமங்கள். காணித் தட்டுப்பாடு, பொறாமை, பகை. ஒரு கிராமத்துத் தலைவன் பகையை மூட்டுகிறான்; அவன் உடன்பிறந்த பதமுலிசாவோ எதிர்க் கிராமத்து இளைஞன் ஷேமாவை விரும்புகிறாள். ஊரின் பெயர்கள் கற்பனை. இனத்தின் பெயர் நாடகத்தில் ஓரிடத்திலும் வருவதில்லை. கேட்டவர்களுக்கு அதனைச் சொல்லித் தெரியவேண்டியதும் இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் பலுக் ஒரு வருட காலம் சில ஊர்களில் இந்நாடகத்தையும், வேறு சில ஊர்களில் ஒரு சுகாதார நாடகத்தையும் மக்கள் கூடியிருந்து கேட்கச் செய்தார். முடிவு எதிர்பாராதது. முசெகெவேயா கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் அதிகம் மாறவில்லை. ஆனால் எது ஊருக்கு ஏற்ற நடத்தை, எதைச் சொன்னால் அயலார் ஏற்பார்கள் என்பது பற்றிய அவர்களின் எண்ணம் மாறியிருந்தது. மாற்றுக் கருத்தை வாய்விட்டுச் சொல்லலாம் என்ற துணிவும் கூடியிருந்தது. அயலாரின் பேச்சுக்கு அஞ்சியே பாதி வாழ்நாளைக் கழிக்கும் நம் சமூகத்தவர்க்கு, இதன் பெறுமதி உடனே விளங்கும்.

ஆய்வு முடிந்த நாளில் ஒவ்வோர் ஊருக்கும் ஓர் ஒலிநாடா வானொலிப் பெட்டியும் நாடகத்தின் ஒலிநாடாக்களும் பொதுச் சொத்தாகக் கொடுக்கப்பட்டன. அவற்றை யாரிடம் வைப்பது என்பது ஊரவரின் பொறுப்பு. சுகாதார நாடகம் கேட்ட ஊர்களில் பொதுவாக நடந்தது இது: ஒருவர் எழுந்து, ஊர்த்தலைவரிடம் ஒப்படைப்போம் என்றார், மற்றவர்கள் தலையசைத்தனர், காரியம் முடிந்தது. முசெகெவேயா கேட்ட ஊர்களில் அவ்வளவு இலகுவாய் முடியவில்லை. தலைவரிடம் கொடுப்போம் என்று ஒருவர் சொல்ல, ஏன் அவரிடம் என்று இன்னொருவர் எழுந்தார். நாம் எல்லோரும் சேர்ந்தே கேட்டோம், சேர்ந்தே வைத்துக்கொள்வோம் என்றும், பொறுப்பை நாமே பகிர்ந்துகொள்வோம் என்றும் வாதம் நீண்டது.